போதும்பொண்ணும் பேரில்லாத பூச்சியும்

இந்த மாதச் சுவர் இதழுக்கு "நானே பார்த்துத் தெரிந்து கொண்டது" என்ற தலைப்பில் எழுதச் சொல்லி அறிவியல் டீச்சர் சொன்னார்கள். நான் ஒரு பூச்சியைப் பற்றி எழுதுகிறேன். பூச்சியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என் பெயரைப் பற்றியும் எழுத வேண்டி வருகிறது. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

என் பெயர் போதும்பொண்ணு. ரோல் கூப்பிடும்போது புதுசாக வந்த சார் யாராக இருந்தாலும் ஒரு தடவை நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் நான் நாலாவது பெண். எனக்கு மேல் மூன்று அக்கா. நான் பிறந்ததும் எங்க அப்பத்தா, "போதும்டா சாமி பொண்ணு" என்று சொல்லி இந்தப் பெயரை வைத்துவிட்டது. இந்தப் பெயர் வைத்தால் அடுத்தது பையன் பிறக்கும் என்று மதுரைப் பக்கம் ஒரு நம்பிக்கை. எனக்கு அப்புறம் யாருமே பிறக்கவில்லை.

சரி, இப்போது பூச்சிக்கு வருகிறேன்.

ஐப்பசி மாதம் மழை பெய்து எங்கள் ஊருணி நிறைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வந்து இருபது நாள் கூட இருக்காது. சாயங்காலம் ஆனால் போதும், ஊருணிக் கரை வேப்பமரத்துக்கு மேலே புகை மாதிரி ஒரு கூட்டம் எழும்பும். "ங்ஙொய்" என்று ஒரு சத்தம். தெருவிளக்கு, கடை டியூப்லைட் எல்லாவற்றிலும் மொய்க்கும். காலையில் எழுந்து பார்த்தால் விளக்குக்குக் கீழே செத்த பூச்சி கைப்பிடி கைப்பிடியாகக் கிடக்கும். சோற்றில் விழும், டீயில் விழும். அந்தச் சமயம் பார்த்து எங்கள் தெருவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. உடனே ஊர் முழுக்க "கொசு பெருத்துப் போச்சு, டெங்கு வந்துரும்" என்று பேச்சு. எங்க சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து, மெக்கானிக் கடையில் கழிவு ஆயில் வாங்கி ஊருணியில் ஊற்றிவிடலாம் என்று முடிவு பண்ணினார்கள். ஆயில் படலம் போட்டால் கொசுப்புழு மூச்சு முட்டிச் செத்துவிடும் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த ஊருணியில்தான் எங்கள் ஆடும் மாடும் தண்ணீர் குடிக்கிறது. கெண்டையும் கெளுத்தியும் அதில்தான் இருக்கிறது.

அந்த வாரம் மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கும் அக்கா ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். கண்மாய், ஊருணிகளில் என்னென்ன நீர்ப்பூச்சி இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். வலையும், வெள்ளைத் தட்டும், சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளும் வைத்திருந்தார்கள். எங்கள் நாலு பேரை டீச்சர் உதவிக்கு அனுப்பினார்கள். கரை ஓரத்துச் சேற்றை அள்ளி வலையில் அலசித் தட்டில் கொட்டியதும், அதில் சிவப்பு நூல் மாதிரி புழுக்கள் நெளிந்தன. நான் "அய்யய்யோ அட்டை" என்று கையை எடுத்துவிட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே, "அட்டை இல்ல பாப்பா. சாயங்காலம் மரத்து மேல கூட்டமாப் பறக்குதே, அதோட புள்ள இது. இங்கிலீஷ்ல மிட்ஜ்னு சொல்லுவாங்க. இது கொசுவே இல்ல, கடிக்காது" என்றார்கள்.

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. பார்த்தால் அச்சு அசல் கொசு. அக்கா லென்ஸைக் கையில் கொடுத்து, "நான் சொல்றத நம்பாத. நீயே பாரு" என்றார்கள். பார்த்து நான் நோட்டில் எழுதி வைத்தது இது:

1. கொசுவுக்கு நீளமான ஊசி வாய் இருக்கிறது. இதற்கு இல்லை.
2. கொசு உட்காரும்போது பின்னங்காலைத் தூக்கும். இது முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டும்.
3. கொசுவின் இறக்கையில் செதில் இருக்கும். இதில் இல்லை. இறக்கை உடம்பைவிடக் குட்டை.
4. ஆண் பூச்சியின் உணர்கொம்பு மயிலிறகு மாதிரி புசுபுசு என்று இருக்கும். பெண் பூச்சி பறக்கும் சத்தத்தை அதை வைத்துத்தான் கேட்கிறது.
5. கொசுப்புழு தண்ணீர் மேல்பக்கம் வந்து மூச்சு விடும். இந்தப் புழு சேற்றுக்குள் எச்சில் நூலால் மண்ணை ஒட்டிக் குழாய் கட்டி அதற்குள் இருக்கும்.

அந்தச் சிவப்பு நிறம் எப்படி வந்தது தெரியுமா? நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் தான். பூச்சிகளில் இது ரொம்ப அபூர்வம். சேற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு. கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ள அதற்கு ஹீமோகுளோபின் உதவுகிறது. வண்ணமீன் கடையில் மீனுக்குப் போடும் "பிளட் வார்ம்" இதுதான். முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கும் பூச்சி என்று நாலு பருவம். பறக்க ஆரம்பித்த பிறகு சில நாள்தான் உயிரோடு இருக்கும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அது சாப்பிடுவதே இல்லை.

"இதுக்குப் பேரு என்னக்கா?" என்று கேட்டேன். "இந்த வகைக்குப் பொதுவா கைரோனோமஸ்னு பேரு. ஆனா அதுல இது எந்த இனம்னு இப்பச் சொல்ல முடியாது. பாத்துத்தான் சொல்லணும்" என்றார்கள். "அதான் பாத்துட்டோமே" என்றேன். அக்கா சிரித்தார்கள். அப்புறம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பூச்சிக்குப் பெயர் வைப்பது எப்படி என்று விவரமாகச் சொன்னார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

முதலில் பூச்சியைச் சாராயத்தில் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். அப்புறம் காரக் கரைசலில் வைத்தால் சதை கரைந்து ஓடு மட்டும் கண்ணாடி மாதிரி நிற்கும். பிறகு இறக்கை தனி, உணர்கொம்பு தனி, கால் தனி, வயிற்று நுனி தனி என்று ஊசி முனையால் பிரித்து ஸ்லைடில் ஒட்ட வேண்டும். பூச்சியே சில மில்லிமீட்டர்தான்! மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒவ்வொரு கால் கணுவும் எத்தனை நீளம் என்று அளக்க வேண்டும். முடி எத்தனை என்று எண்ண வேண்டும். புழுவின் வாய்க்குக் கீழே ஒரு பல்வரிசைத் தட்டு இருக்கிறது. அதில் எத்தனை பல், எது பெரிசு, எது சிறிசு என்று எல்லாம் படம் வரைய வேண்டும். இந்தப் புழுதான் இந்தப் பூச்சியாக மாறுகிறது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு புழுவையும் தனித்தனிக் குப்பியில் வளர்த்து, அது உரித்துப் போடும் தோலைக்கூட எடுத்து வைத்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். இப்போது டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இத்தனையும் முடிந்த பிறகு, இதற்கு முன்னால் உலகத்தில் யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று பழைய புத்தகங்களில் தேட வேண்டும். இந்தக் குடும்பத்தில் மட்டும் இதுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எதிலும் சேரவில்லை என்றால்தான் அது புது இனம். அப்போது ஒரு பூச்சியை "இதுதான் மூல மாதிரி" என்று குறித்து, கல்கத்தாவில் 1916ல் ஆரம்பித்த இந்திய விலங்கியல் ஆய்வகம் மாதிரி ஓர் இடத்தில் எல்லாக் காலத்துக்கும் பாதுகாப்பாக வைக்க வேண்டும். எழுதியதை அச்சில் வெளியிட வேண்டும். அப்புறம்தான் பெயர். பெயர் ஒரு வரி. அதற்குக் கீழே வர்ணனை பக்கம் பக்கமாக இருக்கும்!

நம் நாட்டுப் பூச்சிகளுக்கு இப்படிப் பெயர் வைத்ததில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் உண்டு. அவர் பெயர் கீஃபர். பிரான்ஸ் ஜெர்மனி எல்லையில் பிட்ச் என்ற ஊரில் பாதிரியாராகவும் அறிவியல் ஆசிரியராகவும் இருந்தார். கல்கத்தா மியூசியத்தில் இருந்து அனுப்பிய பூச்சிகளைப் பார்த்து 1910, 1911 ஆண்டுகளில் நிறையப் பெயர் வைத்தார். ஆனால் அவர் எழுதிய குறிப்புகள் பல ரொம்பச் சுருக்கம். அதனால் பின்னால் வந்தவர்கள் மறுபடி முதலில் இருந்து பார்க்க வேண்டி வந்ததாம். அந்த வேலையை மேற்கு வங்காளத்தில் பர்த்வான் பல்கலைக்கழகத்தில் பி.கே.சவுத்ரியும் அவரோடு சேர்ந்தவர்களும் பல வருடம் செய்தார்கள். 1992ல் சவுத்ரி, தாஸ், அமெரிக்காவைச் சேர்ந்த சப்லெட் ஆகிய மூவரும் கைரோனோமஸ் ரமோசஸ் என்ற இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். புணேயில் அந்தப் புழுவை வைத்து ஆராய்ச்சி செய்தபோது, மனிதர்கள் தாங்கும் கதிர்வீச்சைப் போலப் பல நூறு மடங்கு தாங்குகிறது என்று தெரிந்தது. நாம் சோற்றில் விழுந்தால் தூக்கிப் போடுகிற பூச்சியின் சொந்தக்காரன் அது!

நம் மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. மதுரையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கே.ஜி.சிவராமகிருஷ்ணன், மே ஃபிளை என்ற வேறு ஒரு நீர்ப்பூச்சியை ஆராய்ந்தவர். 1984ல் ஒரு புது இனத்துக்கு பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ் என்று பெயர் வைத்தார். கோர்ட்டலென்சிஸ் என்றால் நம் குற்றாலம்தான். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் இந்த மே ஃபிளையில் புது இனங்களைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் இதெல்லாம் நடக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று ராத்திரி சித்தப்பாவிடம், "அது கொசு இல்ல சித்தப்பா, ஆயில் ஊத்தாதீங்க" என்றேன். "ஒன்பதாங் கிளாஸ் படிக்கிறவ எனக்குக் கொசு எதுன்னு சொல்லித் தாறியா?" என்று அதட்டினார். அக்கா என்னிடம் சொன்ன மாதிரியே நானும், "நீங்களே பாருங்க சித்தப்பா. பத்து நாள் டைம் குடுங்க" என்றேன். அப்பா பக்கத்தில் இருந்ததால் "சரி, போ" என்று விட்டார்.

பெட்டிக்கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய பாட்டில் ஒன்றை வாங்கினேன். அடியில் ஊருணிச் சேறு, மேலே நாலு விரல் தண்ணீர். டீ வடிகட்டியால் சிவப்புப் புழு பன்னிரண்டு பிடித்துப் போட்டேன். வாயை அப்பாவின் பழைய வேட்டித் துணியால் கட்டினேன். முதல் நாளே எல்லாம் சேற்றுக்குள் புகுந்துவிட்டன. அம்மா, "வீட்டுக்குள்ள சாக்கடைய வளக்குறா பாரு" என்று திட்டியது. தினமும் பார்த்து எழுதினேன். ஐந்தாம் நாள் சேற்றில் சின்னச் சின்னக் குழாய் எழும்பியிருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் தண்ணீர் மேல் ஒரு தோல் மிதந்தது. துணியில் ஒரு பூச்சி, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினோராம் நாளுக்குள் மொத்தம் ஏழு வந்தன.

அன்று சாயங்காலம் சித்தப்பா, அப்பத்தா, பக்கத்து வீட்டு அத்தை எல்லாரையும் திண்ணைக்குக் கூப்பிட்டேன். துணியை லேசாக விலக்கி என் கையைப் பாட்டிலுக்குள் விட்டேன். "ஏத்தா, வேண்டாம்டி" என்று அப்பத்தா கத்தியது. சித்தப்பா செல்போனில் டைம் பார்த்தார். கால் மணி நேரம். பூச்சிகள் கையில் உட்கார்ந்தன, நடந்தன, பறந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ஆனால் அதே கால் மணி நேரத்தில் பாட்டிலுக்கு வெளியே இருந்த என் காலில் மூன்று இடத்தில் நிஜக் கொசு கடித்துவிட்டது! எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவும் சிரித்தார். "அப்ப இந்தக் கொசு எங்கிட்டு இருந்து வருது?" என்று அவரே எழுந்து தேடினார். அவர் வீட்டுப் பின்பக்கம் சிமெண்டுத் தொட்டியிலும், பழைய டயரிலும் கொசுப்புழு தலைகீழாகத் தொங்கிக் கொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. தொட்டியைக் கவிழ்த்தார். மறுநாள் ஆயில் டின்னைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊருணி தப்பித்தது.

இனிமேல்தான் என் பெயர்.

அடுத்த வருடம் பொதுத்தேர்வு என்பதால் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் சரியா என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லி வகுப்பு டீச்சர் ஒரு தாள் கொடுத்தார்கள். மார்க் ஷீட்டில் பெயர் வந்துவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம், அரசிதழில் எல்லாம் போட வேண்டும் என்றார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேற பேரு வேணும்னா இப்பவே அப்பாகிட்டச் சொல்லும்மா, என்ன செய்யணும்னு நான் சொல்றேன்" என்றார்கள். அப்பா, "ஒன் இஷ்டம் தாயி" என்றார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. நல்ல நல்ல பெயராக நோட்டில் எழுதிப் பார்த்தேன்.

அப்பத்தாவிடம் போய், "ஏன் அப்பத்தா எனக்கு இந்தப் பேரு வச்ச?" என்று கேட்டேன். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எப்பவும் சிரித்து மழுப்பும். இந்தத் தடவை மழுப்பவில்லை. "ஆசுபத்திரி வாசல்ல உக்காந்திருந்தேன். பொண்ணுன்னு நர்சம்மா வந்து சொன்னாக. அங்கனயே பேர வச்சுப்புட்டேன். ஒன் மொகத்தக்கூடப் பாக்கல ஆத்தா" என்றது. அப்புறம் ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக் கொண்டே இருந்தது. பாட்டிலுக்குள் விட்ட அதே கை.

ஒரு சின்னப் பூச்சிக்குப் பெயர் வைக்கும் முன்னால் மாதக் கணக்கில் உட்கார்ந்து முடியை எண்ணுகிறார்கள். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நினைத்தால் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பில் நம் பள்ளிக்குப் புதுசாக வந்து சேர்ந்த ஒரு பெண், ஒல்லியாக இருக்கிறாள் என்று "கொசு" என்று பட்டப்பெயர் வைத்தது யார்? நான்தான். அவள் வகுப்புக்குள் வந்து உட்கார்வதற்குள் வைத்துவிட்டேன். இன்றுவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அவள் இதைப் படிப்பாள். உன் முகத்தைப் பார்க்காமல் பெயர் வைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

கல்லூரி அக்கா மறுபடி வந்தபோது என் பெயர் விஷயத்தைக் கேட்டேன். விலங்குகளுக்குப் பெயர் வைக்க உலகம் முழுவதற்கும் ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறதாம். அதன் நான்காம் பதிப்பு 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. பொருத்தமாக இல்லை என்பதற்காக மட்டும் ஒரு பெயரைத் தள்ளிவிட முடியாது என்று அதில் இருக்கிறதாம். முதலில் வைத்த பெயருக்குத்தான் முதல் மரியாதை. கைரோனோமஸ் என்ற பெயரை 1803ல் ஜெர்மனியைச் சேர்ந்த மைகன் என்பவர் வைத்தார். கிரேக்க மொழியில் கையை அசைத்து அபிநயம் பிடிப்பவர் என்று அர்த்தம். இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அதே பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே எழுதிய வர்ணனை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. ஹீமோகுளோபின் வந்தது, கதிர்வீச்சு வந்தது, இப்போது டி.என்.ஏ. வந்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அக்கா, "ஆனா நீ பூச்சி இல்ல பாப்பா. ஒனக்கு இந்தச் சட்டம் கிடையாது. நீ எப்படி வேணும்னாலும் முடிவு பண்ணலாம்" என்றார்கள்.

நான் யோசித்தேன். தாளில் "போதும்பொண்ணு" என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பத்தாவுக்காகவோ செலவுக்குப் பயந்தோ இல்லை. பெயர் ஒரு வரிதானே. மீதிப் பக்கம் எல்லாம் இன்னும் காலியாக இருக்கிறது. அதை நான் எழுதிக்கொள்வேன். என் மாதிரி பெயர் உள்ளவர்கள் மாற்றிக்கொண்டால் அதுவும் சரிதான். அது அவரவர் விருப்பம்.

தை மாதம் என் பெரிய அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அப்பத்தா குழந்தையை மடியில் வாங்கி வெளிச்சத்தில் வைத்துக்கொண்டது. நெற்றி, காது, விரல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. "சும்மா இருங்கடி. என்ன அவசரம்? நல்லாப் பாத்துட்டு வைப்போம்" என்றது. என்னை ஒரு பார்வை பார்த்தது. எனக்கு அது போதும்.

ஊருணியில் இருந்து அக்கா எடுத்துக்கொண்டு போன பூச்சிகளை இன்னும் ஸ்லைடில் போட்டுப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அது ஏற்கெனவே பெயர் உள்ளதாக இருக்கலாம். புதுசாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நன்றாகப் பார்த்துத்தான் சொல்வார்கள். அடுத்த ஐப்பசியில் மரத்துக்கு மேலே புகை மாதிரி எழும்பினால் விரட்டாதீர்கள். கிட்டே போய் முன்னங்காலைப் பாருங்கள். வீட்டில் தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். யாருக்கும் பார்க்காமல் பெயர் வைக்காதீர்கள்.



இப்படிக்கு,
போதும்பொண்ணு,
ஒன்பதாம் வகுப்பு,
அரசுப் பள்ளி.